காற்றுக் குழாயில் சுற்றிய வெள்ளி ஸ்பாஞ்ச்

போன வருடம் சித்திரை மாதம், கூடலூரிலிருந்து குமுளிக்கு ஏறும் மலைப்பாதையில் நடந்தது இது. நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கிறேன்.

நான் ஜீப் ஓட்டுகிறேன். சொந்த வண்டி. விடிந்ததும் கூடலூரில் பெண்களை ஏற்றிக்கொண்டு போய், குமுளிக்கு அப்பால் ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட வேண்டும். மாலையில் திரும்பக் கூட்டி வர வேண்டும். அன்றைக்குப் பதிமூன்று பேர். முன்சீட்டில் மூன்று பேர், மற்றவர்கள் பின்னால். நெரிசலில் யாரும் ரோட்டில் விழுந்துவிடக் கூடாது என்று பின்கதவுக்கு வெளியிலிருந்து கொக்கி மாட்டுவது எங்கள் பக்கத்து ஜீப்காரர்களின் வழக்கம். நானும் அப்படித்தான் மாட்டுவேன்.

அந்தக் கோடையில் வண்டி மேட்டில் இழுக்கவில்லை. மூன்றாவது வளைவிலேயே திணறியது. பைபாஸ் ஓரம் ஒரு பட்டறையில் காட்டினேன். மெக்கானிக் என்னைவிடச் சின்னவர், பெயர் எடுத்தவர். பானட்டைத் திறந்ததுமே கண்டுபிடித்துவிட்டார். இஞ்சினுக்குக் காற்று இழுக்கும் குழாய், சைலன்சர் குழாயை ஒட்டியே போகிறதாம்.

"சுடுகாத்தையே இழுத்தா வண்டிக்கு மூச்சு முட்டாம என்ன செய்யும்? குழாய்க்கு ஒரு சட்டையைப் போட்டு விட்டுருவோம்" என்றார்.

அவர் சொன்னது சரிதான். ஆனால் சட்டை என்று எடுத்து வந்தது, தகரக் கூரைக்கு அடியில் வெயிலுக்காக ஒட்டுவார்களே, ஒரு பக்கம் வெள்ளித்தாள் ஒட்டிய ஸ்பாஞ்ச். அதை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டுக் கூரைக்கு ஒட்டியபோது மிஞ்சிய துண்டு ஒன்று அடுப்பில் விழுந்து, உருகிச் சொட்டிச் சொட்டி எரிந்தது. வீடு முழுக்கக் கறுப்புப் புகை.

"தம்பி, இது தீப்பிடிக்கும்ல?" என்று தயங்கிக் கேட்டேன்.

அவர் வேலையை நிறுத்தவில்லை. "அண்ணே எத்தனாப்பு படிச்சிருக்கீக?"

"அஞ்சு."

"இஞ்சினியர் சொல்றாக, எல்லாரும் கேட்டுக்கங்கப்பா" என்றார் அங்கே நின்றவர்களிடம். எல்லோரும் சிரித்தார்கள். டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவருக்குப் புரையேறிவிட்டது.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. தலையைக் குனிந்துகொண்டேன். "புதுசுல ரெண்டு நாளைக்கு வாடை வரும், பயந்துராதீக" என்று சொல்லி அனுப்பினார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை, மலையடிவாரத்து லோயர் கேம்ப் தாண்டி ஏறும்போது வாடை வந்தது. வண்டி நன்றாகத்தான் இழுத்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா பல வருடமாக என் வண்டியில் வருபவர். அவர்தான் முதலில் மூக்கைச் சுளித்தார்.

"என்னப்பா, பிளாஸ்டிக் கருகுற மாதிரி வருது?"

"புதுசா சுத்தியிருக்குக்கா. ரெண்டு நாளைக்கு அப்படித்தான் வருமாம்."

"யாரு சொன்னாக?"

"மெக்கானிக்கு."

"அவுக அங்கன உக்காந்து சொல்லிருவாக. நிப்பாட்டிப் பாரேன்."

நான் நிறுத்தவில்லை. நேரத்துக்குப் போகாவிட்டால் தோட்டத்தில் கங்காணி பேர் எழுத மாட்டார், பதிமூன்று பேரும் வேலையில்லாமல் திரும்ப வேண்டும். அதுதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. பானட்டைத் திறந்து பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டு வளைவுதான் தாண்டியிருப்பேன். பானட் இடுக்கில் கறுப்புப் புகை வந்தது, பின்னாலேயே தீ. வண்டியை ஓரம் கட்டி, இஞ்சினை அணைத்து, முன்சீட்டுக்காரர்களை இறக்கிவிட்டுப் பின்னால் ஓடினேன். உள்ளே இருந்த பத்துப் பேரும் கதவை முட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தள்ளத் தள்ளக் கொக்கி இறுகியது. இரண்டு கையாலும் இழுத்தேன், அசையவில்லை.

"தள்ளாதீக, தள்ளாதீக" என்றேன். உள்ளே போட்ட கூச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

முன்சீட்டு அக்கா ஓடி வந்து கதவில் ஓங்கித் தட்டினார். "ஏ ஆத்தா, எல்லாரும் உள்ளுக்க தள்ளி உக்காருங்கடி. நீங்க தள்ளுனா இது தெறக்காது."

அவர்கள் பின்வாங்கிய நொடியில் கொக்கி கழன்றது.

இறங்கியவர்கள் ஓடிப்போகவில்லை. நான் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு பானட்டைத் தூக்க, அவர்கள் தூக்குவாளிகளைத் திறந்து மதியக் கஞ்சியையும் தண்ணீரையும் ஊற்றினார்கள். ரோட்டோர மண்ணை அள்ளி வந்து கொட்டினார்கள். ஒரு வழியாகத் தீ அடங்கியது.

யாருக்கும் காயமில்லை. என் கையில் மட்டும் கொப்புளம். எல்லோரும் கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்தோம்.

"இஞ்சினுக்கு என்னா பசியோ, அம்புட்டுப் பேரு கஞ்சியையும் குடிச்சிருச்சு" என்றாள் ஒருத்தி. நடுக்கத்திலும் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குத் தாங்கவில்லை.

"அது தீப்பிடிக்கும்னு எனக்கு நேத்தே தெரியும்க்கா" என்று சொல்லிவிட்டேன்.

அக்கா என் பக்கம் திரும்பினார். பிறகு, சத்தம் போடாமல் கேட்டார். "தெரிஞ்சுமாடா எங்கள ஏத்தி, வெளிய கொக்கியும் மாட்டுன?"

அன்று மதியமே கருகிய ஸ்பாஞ்சோடு பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இம்புட்டு ஆள ஏத்துனா எதுதாண்ணே தாங்கும்?" என்றார். அவ்வளவுதான், எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது.

"பதிமூணு பேரு கரிக்கட்டையாப் போயிருப்பாகடா. இனி ஒரு வண்டியில இதச் சுத்துன, நடக்கிறதே வேற" என்று கத்தினேன். முந்தின நாள் சிரித்தவர்களில் இரண்டு பேர் அங்கேதான் நின்றார்கள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மெக்கானிக் மன்னிப்பும் கேட்கவில்லை.

பிறகு வேறு இடத்தில், தீப்பிடிக்காத கண்ணாடி நார்த் துணியைக் குழாயில் சுற்றி, சைலன்சருக்கும் அதற்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்பும் வைத்து வாங்கினேன். பின்கதவுக் கொக்கியை அறுத்து எறிந்துவிட்டு, உள்ளிருந்து திறக்கிற தாழ்ப்பாள் போட்டேன்.

அந்த மெக்கானிக் மேல் இருந்த கோபம் பாதி ஆறிவிட்டது. நாலு பேர் சிரிப்புக்குக் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டு வந்த என் மேல் உள்ள கோபம் ஆறவில்லை. அந்த அக்கா இன்றும் என் பக்கத்துச் சீட்டில்தான் வருகிறார். லேசாக வாடை வந்தாலும், அவர் மூக்கைச் சுளிப்பதற்கு முன்பே வண்டியை ஓரம் கட்டிப் பானட்டைத் திறந்து பார்க்கிறேன்.