பத்தாவது ஈய வில்லை

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நான் ரெயில்வே அலுவலகத்தில் ரைப்ரைட்டர் தட்டுகிறவன். ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் மேலதிகாரி தாளைத் திருப்பி அனுப்பிவிடுவார். அந்தப் பழக்கத்தில்தான் இதையும் எழுதுகிறேன், நடந்தது நடந்தபடி. 1975 ஜூன் 21, சனிக்கிழமை, மெல்பேர்ன். நடுச்சாமமும் அல்ல, சுடுகாடும் அல்ல. பின்னேரம் நாலரைக்கும் ஐந்தே காலுக்கும் இடையில், டிராம் ஓடுகிற தெருவில், ஒரு சாதாரணச் செங்கல் வீட்டில் நடந்தது.

அதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1973 இல் எங்களுக்கு முதல் பிள்ளை பிறந்தது. ஆண். பிறந்தபோது அழவில்லை. தாதி முதுகில் தட்டிப் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத் துணியால் மூடினார். அந்தப் பிள்ளையின் கதை அவ்வளவுதான். என் மனைவி யோகா மூன்று மாதம் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்டால் தாடை மரத்துப்போகுமே, அது போல உள்ளே மரத்துவிட்டது. வேலைக்குப் போனேன், சாப்பிட்டேன், வானொலியில் கிரிக்கெட் கேட்டேன். என்னை நினைக்க எனக்கே வெறுப்பாக இருந்தது.

சனிக்கிழமைகளில் வீட்டில் இருக்க முடியவில்லை. நூலகத்தில் ஒட்டியிருந்த ஓர் அறிவித்தல் துண்டைப் பார்த்து, நோர்த்கோட் பகுதியில் இருந்த மிஸ் தெவெர்னே வீட்டுக்குப் போகத் தொடங்கினேன். எண்பத்தொரு வயது, கல்யாணம் ஆகாதவர். தன் குடும்ப வரலாற்றைச் சொல்லச் சொல்ல யாராவது தட்டச்சுச் செய்து தர வேண்டும் என்று கேட்டிருந்தார்.

அவருடைய முன்னோர் ஹியூகனோட்டுகள். கத்தோலிக்க அரசன் ஆண்ட பிரான்ஸில் புரட்டஸ்தாந்து மதத்தைக் கைவிடாதவர்கள். 1685 இல் அரசன் அந்த மதத்தையே தடை செய்தான். ஆலயங்களை இடித்தார்கள். வீடுகளுக்குள் சிப்பாய்களைக் கொண்டுவந்து குடிவைத்தார்கள். இவர்கள் ஒளித்துக் கூடி வழிபட்டார்கள். உளவாளி நுழையாமல் இருக்க, நம்பிக்கையானவர்களுக்கு மட்டும் நாணயம் மாதிரி ஓர் ஈய வில்லை கொடுப்பார்களாம். அதைக் கையில் வைத்திருப்பவர் கூடுகிற வீட்டாரில் ஒருவர் மாதிரி.

மிஸ் தெவெர்னேயிடம் அப்படிப் பத்து வில்லைகள் ஒரு மரப்பெட்டியில் இருந்தன. ஒன்பதில் இடையன் ஒருவனின் உருவம் அச்சடித்திருந்தது. பத்தாவது சிறியது, உருவம் எதுவும் இல்லாமல் வழவழவென்று இருந்தது. அது யாருடையது என்று கேட்டேன்.

“சூசானுடையது,” என்றார். “அவளுக்கு ஆறு வாரம்தான்.”

அன்றைக்குத் தட்டச்சுச் செய்த பக்கம் எனக்கு வரிக்கு வரி பாடம். 1686. யூதித் என்ற தாயும் அவளுடைய ஆட்களும் லா ரோஷெல் துறைமுகத்தில் ஒரு கப்பலில் ஏறினார்கள். வைன் பீப்பாய்களுக்குள் ஒளிந்துகொண்டார்கள். சிப்பாய்கள் சோதிக்க வந்த நேரம் பார்த்துக் கைக்குழந்தை சிணுங்கியது. யூதித் வலது கையால் அதன் வாயைப் பொத்தினாள். சிப்பாய்கள் இறங்கிப் போனார்கள். கப்பல் லண்டனுக்கு வெளிக்கிட்டது. பீப்பாய்களைத் திறந்தபோது எல்லோரும் உயிரோடு இருந்தார்கள், சூசானைத் தவிர. யூதித்தின் கையைக் குழந்தையின் வாயிலிருந்து எடுக்க முடியவில்லை. இரண்டு மாலுமிகள் சேர்ந்து இழுத்தார்களாம். வரவில்லை.

அதைத் தட்டி முடித்தேன். ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை.

வேலை முடிந்து எழும்பும்போது நான் ஊர் வழக்கப்படி “போட்டு வாறன்”, அதாவது போய்விட்டு வருகிறேன், என்பதை ஆங்கிலத்தில் சொல்லுவேன். போகிறேன் என்று மொட்டையாகச் சொல்ல வாய் வராது. மிஸ் தெவெர்னே ஒவ்வொரு முறையும் சிரிப்பார். “போகிறீரா, வருகிறீரா? ஏதாவது ஒன்றைச் சொல்லும்.”

அந்த ஜூனில் யோகா மறுபடி நிறைமாதம். டொக்டர் இன்னும் மூன்று கிழமை இருக்கிறது என்றார். யாழ்ப்பாணத்திலிருந்து மாமி நீல ஏரோகிராமில் எழுதியிருந்தார்.

“தம்பி, இந்த நேரத்திலை செத்தவீடு ஒண்டுக்கும் போகாதையுங்கோ. தப்பித்தவறிப் போனாலும் அங்கை ‘போட்டு வாறன்’ எண்டு சொல்லிப்போடாதையுங்கோ. தலைமுழுகாமல் வீட்டுக்குள்ளை கால் வைக்கவும் வேண்டாம்.”

யோகா அதை இரண்டு முறை வாசித்துக் காட்டினாள்.

“இஞ்சை எங்களுக்குத் தெரிஞ்சு சாகிறதுக்கு ஆர் இருக்கினம்?” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. “எனக்கு இந்தப் பிள்ளை வேணும்,” என்றாள்.

ஜூன் 21. இங்கே அது குளிர்காலம், ஆண்டிலேயே பகல் மிகக் குறைந்த நாட்களில் ஒன்று. நாலு முப்பதுக்கு மிஸ் தெவெர்னே வீட்டுக் கதவைத் தட்டினேன். வழக்கமாக அவர் செருப்பை இழுத்து இழுத்து வந்து திறக்க இரண்டு நிமிடம் ஆகும். அன்று உடனே திறந்தது.

முன்பின் பார்த்திராத ஒரு பெண். முப்பது வயதிருக்கும். கால் வரை தவிட்டு நிற உடுப்பு, தலையில் வெள்ளைத் துணித் தொப்பி. சபைக்காரர் யாரோ என்று நினைத்தேன். என் கையில் ஒன்றை வைத்தாள். சின்ன ஈய வில்லை. இடது கையால் தந்தாள். எங்கள் ஆட்கள் என்றால் முகம் சுளிப்போம். இவர்களுக்கு எந்தக் கையும் ஒன்றுதானே என்று வாங்கிக்கொண்டேன்.

அவளுடைய வலது கை நெஞ்சோடு இருந்தது. விரல்கள் வளைந்து, எதையோ பொத்திப் பிடித்தபடி. உள்ளே ஒன்றும் இல்லை.

முன்னறையில் திரைச்சீலைகளை இழுத்து மூடியிருந்தார்கள். பத்துக் கதிரைகள். ஒன்பதில் ஆட்கள், தலை குனிந்தபடி. முன்வரிசையில் மிஸ் தெவெர்னேயின் ஊதா நிறச் சால்வையும் நரைத்த கொண்டையும் தெரிந்தன. ஏதோ ஜெபக்கூட்டம், நாளைத் தவறாகச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது என்று பத்தாவது கதிரையில் உட்கார்ந்தேன். இடையில் எழும்பினால் மரியாதை இல்லை.

வைன் புளித்த மாதிரி ஒரு வாடை. தார் வாடையும்.

நல்ல குளிர். கணப்பு மூட்டவில்லை. நான் மூச்சு விட விட வாய்க்கு முன்னால் புகை எழும்பியது. பக்கத்துக் கதிரைக்காரரைப் பார்த்தேன். அவர் வாயில் புகை இல்லை. அடுத்தவருக்கும் இல்லை. ஒன்பது பேரில் ஒருவருக்கும் இல்லை...

நாலு ஐம்பது. யாரும் பாடவில்லை, ஜெபிக்கவில்லை. இருமக்கூட இல்லை.

ஐந்து மணி. வெளியே டிராம் ஒன்று போனது. யன்னல் கண்ணாடி அதிரவில்லை. வழக்கமாக அந்த வீட்டில் கோப்பைகள்கூட ஆடும்.

ஐந்து எட்டு. வெளிச்சம் போய்விட்டது.

அப்போது கேட்டது.

“ங்...”

கைக்குழந்தை அழத் தொடங்குகிற சத்தம். தொடங்கியதும் அறுந்தது.

மறுபடியும். “ங்...”

எனக்குப் பின்னால்.

திரும்பினேன். அந்தப் பெண் என் கதிரைக்குப் பின்னால் நின்றாள். நெஞ்சோடு இருந்த வலது கை இப்போது கொஞ்சம் கீழே அழுத்திக்கொண்டிருந்தது. கீழே ஒன்றும் இல்லை.

அழாத என் பிள்ளையின் முகம் ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்தில் முதல் தடவை.

எழும்பினேன். என்ன சொல்கிறோம் என்று யோசிக்கவில்லை. வாய்ப்பழக்கம்.

“போட்டு வாறன்.”

ஒன்பது தலைகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. மிஸ் தெவெர்னே திரும்பவில்லை. சிரிக்கவில்லை. கொண்டை மட்டும் மெல்ல இடமும் வலமும் ஆடியது. வேண்டாம் என்பது போல.

அந்தப் பெண் வாய் திறந்தாள்.

“நீ வர வேண்டாம். நான் வருகிறேன்.”

ஐந்து பதினாலுக்குத் தெருவில் நின்றேன். வில்லை கோட்டுப் பையில்.

வீட்டுக்கு வர ஆறு மணி. மாடியில் இருக்கும் வரதராஜன் வாசலில் நின்றார். கார் வைத்திருப்பவர், கொழும்பிலேயே பழக்கம்.

“எங்கை ஐசே போனனீர்? அஞ்சு எட்டுக்கு யோகாவுக்குத் திடீரெண்டு நோ வந்திட்டுது. ஆஸ்பத்திரியிலை விட்டிட்டு உம்மைத் தேடித்தான் வந்தனான். ஏறும்.”

ஏறினேன். மாமியின் கடிதம் ஞாபகத்துக்கு வரவில்லை. வருவதற்கு நியாயமும் இல்லை, நான் போனது செத்தவீடு என்று எனக்கு யார் சொன்னார்கள்? குளிக்கவில்லை. கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நேரே போய் யோகாவின் நெற்றியில் கை வைத்தேன். உள்ளே கொண்டுபோனார்கள். நான் கதவுக்கு வெளியே நின்றேன்.

ஆறு ஐம்பத்திரண்டு.

“ங்...”

அறுந்தது.

அதே சத்தம். ஒரு மயிரளவும் வித்தியாசம் இல்லை.

மணிக்கூட்டைப் பார்த்தேன். பத்துச் செக்கன். முப்பது. ஒரு நிமிடம். மரத்துக் கிடந்ததெல்லாம் அந்த நேரத்தில் விட்டுப்போனது. பயந்தேன். யாரிடம் கேட்பது என்று தெரியாமல், விடு, விடு என்று சொல்லிக்கொண்டே நின்றேன்.

ஒரு நிமிடம் நாற்பது செக்கன்.

பிறகு குழந்தை மூச்சு விட்டது. பெண் பிள்ளை, உயிரோடு இருந்தது. தாதி கொண்டுவந்து காட்டினார். அவர் முகம் சரியில்லை.

“நாங்கள் யாரும் முகத்தில் கை வைக்கவில்லை,” என்றார், நான் கேட்காமலே.

பிள்ளையின் ஒரு கன்னத்தில் நாலு சிவப்புத் தடங்கள். மற்றக் கன்னத்தில் ஒன்று. ஒரு பெரிய ஆளின் விரல் அளவு. மூன்று நாளில் மறைந்துவிட்டன. கமலினி என்று பெயர் வைத்தோம்.

செவ்வாய்க்கிழமை வில்லையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மிஸ் தெவெர்னே வீட்டில் ஓர் ஆள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். எட்மண்ட், அவருடைய தங்கையின் மகன்.

“பெரியம்மா போன புதன்கிழமையே காலமாகிவிட்டார். உங்கள் முகவரி எங்களிடம் இருக்கவில்லை, மன்னிக்க வேண்டும். சனிக்கிழமை பின்னேரம் அடக்கம் செய்தோம்.”

“எத்தனை மணிக்கு?”

“எங்கள் வழக்கம் பொழுது படும் நேரம். அந்தக் காலத்துப் பிரான்ஸில் எங்கள் ஆட்களைப் புதைக்க அந்த நேரம்தான் அனுமதி கிடைக்குமாம். ஐந்து எட்டுக்குக் குழிக்குள் இறக்கினோம்.”

“வீட்டில் யார் இருந்தது?”

“யாரும் இல்லை. மூன்று மணிக்கே நான்தான் பூட்டினேன். அடக்கத்துக்கு வந்தது ஒன்பது பேர். வாசலில் ஆளுக்கு ஒரு வில்லை கொடுப்போம், கல்லறையில் திரும்ப வாங்குவோம். ஒன்பதும் வந்துவிட்டன.”

கோட்டுப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். சின்னது, வழவழவென்றது.

அவர் அதை வாங்கவில்லை. பின்னால் நகர்ந்து சுவரோடு நின்றார்.

“தெவெர்னே என்ற பெயரில் பெரியம்மாதான் கடைசி ஆள். அது அவரோடு போக வேண்டும், யூதித்திடம் சேர வேண்டும் என்று எழுதிவைத்திருந்தார். நான்தான் அவர் உள்ளங்கையில் வைத்தேன். என் கண் முன்னால்தான் பெட்டியை ஆணி அடித்தார்கள்.”

சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.

வில்லையை ஊருக்கு நடுவே ஓடும் யாரா ஆற்றில் போடலாம் என்று இரண்டு முறை போனேன். போட்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆகுமோ என்று திரும்பி வந்தேன். இப்போது அது அலுவலக மேசை லாச்சிக்குள் இருக்கிறது. யோகாவுக்கு எதுவும் தெரியாது. பிள்ளை குழப்படி இல்லை, அழாத பிள்ளை என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் பெருமையாகச் சொல்லுவாள். நானும் தலையாட்டுவேன்.

கமலினிக்கு இப்போது நாலு வயது. போன சனிக்கிழமை பூங்காவில் ஊஞ்சலிலிருந்து விழுந்து உதடு கிழிந்தது. யோகா வீட்டில். வரதராஜனும் நானும்தான் ஓடினோம்.

பிள்ளையின் கண்ணால் நீர் ஓடியது. சத்தம் இல்லை.

வலது கை வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்தியிருந்தது.

விரலைப் பிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை. மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். வரதராஜனும் பிடித்தார். இரண்டு ஆம்பிளைகள், முழுப் பலத்தோடு.

வரவில்லை.

முகம் நீலம் பாய்ந்தது. பிறகு கை தானாக விழுந்தது.

“என்ன ஐசே இது?” என்றார் வரதராஜன்.

நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறந்த அன்று ஒரு நிமிடம் நாற்பது செக்கன். மூன்றாவது பிறந்தநாளில், நான் மட்டும் பார்த்தது, ஒன்று ஐம்பத்திரண்டு.

இம்முறை இரண்டு நிமிடம் ஐந்து செக்கன்.