வற்றிய குடுவையில் நான் ஊற்றிய உப்புநீர்

போன வருஷம் ஆடி மாதம், செகந்திராபாத்தில் நடந்தது. இதை எழுதும்போதும் பாதி பயம், பாதி ஆத்திரம்.

என் பன்னிரண்டு வயது மகளுக்கு ஓயாத வாந்தியும் பேதியும். மல்காஜ்கிரியிலிருந்து ஜட்கா வண்டியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கட்டிலுக்கு மேலே வாய் திறந்த கண்ணாடிக் குடுவை, அதிலிருந்து ரப்பர் குழாய், அதன் முனையில் கை நரம்பில் ஊசி. உப்புநீர் இறங்க இறங்க அவள் கண்ணைத் திறந்தாள்.

அன்று பார்த்து யாரோ பெரிய அதிகாரி பார்வையிட வருகிறாராம். கம்பவுண்டர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, வாசல் வரிசையில் நிற்கக் கிளம்பினார். உப்புநீர் ஜாடியை என் கையில் திணித்து, “கம் ஹுவா தோ டாலோ, பஸ்” என்றார். குறைந்தால் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். நானும் “ஹவ்” என்று தலையாட்டினேன்.

நான் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். மெஷினில் எண்ணெய்க் கிண்ணம் வற்றினால் ஊற்றுவோம், அதுபாட்டுக்கு ஓடும். மகளின் முகத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால், குடுவையும் பாதிக் குழாயும் காலி! பதறிப்போய், பட்டறைப் பழக்கத்தில் ஜாடியைக் கவிழ்த்தேன். குழாயில் நின்ற காற்றை உப்புநீர் அப்படியே நரம்புக்குள் தள்ளியது.

“நானா, ஊப்பிரி ஆடட்லேது!” தெலுங்குப் பள்ளியில் படிப்பவள், அப்பா, மூச்சு விட முடியவில்லை என்கிறாள். உதடு நீலம் பாய்ந்தது.

என் அலறலைக் கேட்டு, தமிழ் நர்ஸம்மா ஒருவர் வரிசையை விட்டு ஓடிவந்தார். குழாயைப் பார்த்ததுமே மடக்கிக் கட்டினார். மகளின் நெஞ்சில் காதை வைத்தார்.

“தயிர் கடையிற மாதிரி கேக்குது. இதயத்துல காத்து போயிருக்குண்ணா! கட்டிலோட கால்மாட்டைத் தூக்குங்க!”

மகளை இடப்பக்கமாகப் புரட்டித் தலை தாழப் படுக்கவைத்தார். அப்படிப் படுத்தால் காற்று ரத்தத்தின் வழியை அடைக்காமல் ஒதுங்குமாம். பிராணவாயு உருளையை இழுத்துவந்து மூக்கில் வைத்தார். நான் கட்டிலைத் தோளில் தாங்கி நின்றேன், எவ்வளவு நேரமோ. மெல்ல மெல்ல உதட்டில் சிவப்பு திரும்பியது.

அதிகாரி போன பிறகு கம்பவுண்டர் வந்தார். “பச் கயீ நா? கைக்கு சில்லாதே?” பிழைத்துவிட்டாளே, எதற்குக் கத்துகிறேன் என்று கேட்கிறார்! சட்டையைப் பிடித்துவிட்டேன். நர்ஸம்மாதான் விலக்கினார்.

“விடுங்கண்ணா. குழாயில இருக்கிற காத்தை வெளியேத்திட்டுத்தான் ஊத்தணும்னு அவரும் சொல்லலை, காலியாயிட்டா என்ன செய்யணும்னு நீங்களும் கேக்கலை.”

அந்த ஆள்மேல் இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் மகள் லேசாக இருமினாலே பதறி எழும் எனக்கு, தெரியாத வேலையைத் தெரிந்ததுபோல் வாங்கிக்கொண்ட என்மேல்தான் அதைவிடக் கோபம் வருகிறது.