கண்ணாடிப் பெட்டிக்குள்ள எனக்க நீலக் கட்டம் சட்டை

பழைய கட்டடத்துக்க ஓட்டுக் கூரையப் பிரிச்சா ஒரு மணம் வரும் மக்கா... வௌவால் எச்சம், பழைய தேக்கு, நனைஞ்ச சுண்ணாம்பு, எல்லாம் சேந்து. மூக்குல ஏறிச்சுன்னா வீட்டுக்கு வந்து குளிச்சாலும் போவாது. இன்னைக்கு காலைல அந்த மணம் அடிச்சுது. கூடவே அந்தப் பழைய நாணக்கேடும் ஏறி வந்துட்டு.

எனக்க முதல் வேலை. நகரத்துல ஒரு பெரிய மியூசியம், பேரு வேண்டாம். கான்ட்ராக்ட்ல சைட் சூப்பர்வைசர். காம்பவுண்டு நிறைய ராஜா காலத்து ஓட்டுக் கட்டடங்க. ஒண்ண சரியாக்கிட்டு நிமிந்தா அடுத்தது ஒழுகும். அத முடிச்சா சுவருல ஆலஞ்செடி. அதப் பிடுங்கினா உத்தரத்துல செதல். கடைசிக் கட்டடம் முடியும்போ முதல் கட்டடம் மறுபடி ஒழுகத் தொடங்கியிருக்கும்.

எல்லைக்கிட்ட உள்ள உதியன்குளங்கரைல இருந்து டிரான்ஸ்போர்ட் பஸ்ல தொங்கிட்டு போவேன். வேலைக்குப் போடணும்னு அப்பா பனச்சமூடு சந்தைல துணி எடுத்து ரெண்டு சட்டை தைச்சுத் தந்தாரு. ஒரே துணி. நீலக் கட்டம். இத ஓர்மை வச்சுக்கிடுங்க.

ஓட்டு வேலைக்கு வந்தது பெருங்கடவிளை ஆளுக. கொத்தனாரு கிறிஸ்துதாஸ் அண்ணன் தான் தலை. நம்ம பக்கத்துல வீடு கெட்டும்போ கண்ணேறு படாம இருக்க முன்னால ஒரு வைக்கோல் பொம்மை நிறுத்துவாங்கல்லா... சட்டை, பேண்டு, மண்சட்டித் தலை, கரியில மீசை. அது இல்லாம அண்ணன் ஓட்டுல கை வைக்க மாட்டாரு. ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போற மனுஷனாக்கும்.

"அண்ணே, இது மியூசியமாக்கும். வீடு இல்ல."

"கண்ணுக்கு வீடும் மியூசியமும் தெரியுமாலே? நேத்து ஓடு விழுந்து எனக்க காலு தப்பினது நீயும் பாத்தேல்லா. ரோட்டுல போறவன் பூரா மேல பாத்துட்டு தான் போறான். ஒரு பழைய சட்டை கொண்டு வா."

சத்தியமா சொல்லுகேன், எனக்கும் உள்ளுக்குள்ள பயம் உண்டு. ரெண்டு சட்டைல ஒண்ணு சுண்ணாம்பு தெறிச்சு அங்கங்க பொத்துப் போச்சு. அதக் குடுத்தேன். முன்வாசலப் பாத்தாப்புல சாரத்துல பொம்மையக் கெட்டியாச்சு.

மறுநாள் டெல்லில இருந்து ஒரு கமிட்டி வாறாங்க. அடுத்த கட்ட வேலைய எங்ககிட்ட விடலாமா வேண்டாமான்னு பாக்க. வேண்டாம்னுட்டா எனக்க வேலையும் அதோட தீந்துது. "நாளைக்கு நீட்டா வரணும்"னு எஞ்சினியர் மேடம் சொல்லியிருந்தாங்க. நீட்டா தான் போனேன். இருக்கிறதுல நல்ல சட்டை... மத்த நீலக் கட்டம்.

பொம்மை ஓர்மையே இல்ல.

சாரத்துக்கு அடியில கமிட்டி வந்து நின்னாங்க. அதுல தலைவியா ஒரு நரைச்ச அம்மா. மேல பாத்தாங்க. என்னப் பாத்தாங்க. மறுபடி மேல பாத்தாங்க. பின்ன கூட வந்தவங்க எல்லாரும் அதே மாதிரி பாத்தாங்க. ஒருத்தரும் சிரிக்கல... சிரிச்சிருந்தாக்கூட தேவலை.

மேடம் பல்லைக் கடிச்சுட்டு மலையாளத்துல, "எந்தாடோ இது? அழிச்சு மாத்து"ன்னாங்க. அவுத்து எடுக்கணுமாம்.

நாணக்கேட்டுல தொலி உரிஞ்சு போச்சு. அண்ணன் ஏறப் போனாரு. சட்டை எனக்கது, நானே ஏறினேன். கெட்ட அவுத்து, பொம்மைய நெஞ்சோட அணைச்சு, ஒரு கையால ஏணியப் பிடிச்சு இறங்குகேன். அண்ணனும் தம்பியும் கட்டிப் பிடிச்சுட்டு இறங்குத மாதிரி. பாதில தலை கழண்டு விழுந்து உடைஞ்சுது. ஆருக்கும் ஒண்ணும் படல. மீசை உள்ள துண்டு மட்டும் அந்த அம்மாவுக்க காலடில போய் கெடந்துது.

இத யாரு செஞ்சதுன்னு அவங்க இங்கிலீஷ்ல கேட்டாங்க. மேடம் என்னைக் கை காட்டினாங்க. "வீசிராதீங்க, மியூசியத்துக்கு வேணும்"னாங்க அம்மா. கிண்டலாக்கும்னு நெனச்சேன். சாயங்காலம் பஸ்ல ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்து அழுதேன்.

வீட்டுல அப்பா, "மத்த சட்டை எங்க மக்கா?"

"மியூசியத்துல கெடக்குப்பா."

கிண்டல் இல்ல. வேலையும் போகல. பொம்மைய நாட்டுப்புறப் பொருள் ஹால்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள நிறுத்திட்டாங்க. புதுச் சட்டி, ஆர்ட்டிஸ்ட் வரைஞ்ச மீசை... எனக்க மீசைய விட நல்லாருக்கு. கீழ எழுதியிருக்கு: 'கண்ணேறு பொம்மை. எல்லைக் கிராமத் தொழிலாளிகள் செய்தது. காலம்: சமகாலம்.'

அப்பா ஒருநாள் சொல்லாம கொள்ளாம பாக்க வந்துட்டாரு. பெட்டி முன்னால நின்னு, பக்கத்துல நின்ன டூரிஸ்ட்கிட்ட சத்தமாட்டு, "இது நான் எடுத்த துணியாக்கும். காலரப் பாத்தீங்களா, இன்னும் வெறைப்பா நிக்குது. எனக்க மகனுக்க சட்டை"ன்னாரு. மகனாகப்பட்ட நான் தூணுக்குப் பின்னால மறைஞ்சு நின்னேன்.

இப்ப நான் பெர்மனென்ட். முழு காம்பவுண்டும் எனக்க பொறுப்பு. சாரமெல்லாம் இரும்பு, பச்சை வலை, மஞ்சள் ஹெல்மெட். வேலைக்கு வாறது வங்காளத்துப் பையன்க. கிறிஸ்துதாஸ் அண்ணன் முட்டுவலில வீட்டோட இருக்காரு. பழைய செக்யூரிட்டி ஒருத்தன் உண்டு, புதுசா சேருத பிள்ளைகள ஹாலுக்குக் கூட்டிட்டுப் போய் "சாருக்க சட்டை"ன்னு காட்டுவான். இப்பவும் முகம் சுடும். நான் உள்ள போனா கூரைய மட்டும் பாத்துட்டு வெளிய வந்துருவேன்.

இன்னைக்கு காலைல நல்ல மழை. அந்த ஹால் ஒழுகுதுன்னு போன். ஓடினேன். மர முகமூடி வரிசைல சொட்டுது, தோல்பாவை பெட்டி மேல சொட்டுது. எனக்க கையில ஒரே ஒரு டார்ப்பாய்.

நேரே போய் அந்தச் சட்டைப் பெட்டிய மூடினேன். புதுசா சேந்த பிள்ளைங்க பாத்துட்டு நின்னாங்க. "சாரே, அங்க தான் கூடுதல் ஒழுகுது"ன்னு ஒருத்தன் மெதுவா இழுத்தான். அடுத்த டார்ப்பாய் எடுத்துட்டு வான்னு மட்டும் சொன்னேன்.

அப்பா போய் வருஷம் கொஞ்சம் ஆச்சு. அவரு எடுத்துத் தந்ததுல மிச்சம் உள்ளது அது ஒண்ணு தான் மக்கா.