அண்டா காத்த கணவாய்

என் வீட்டுக்காரரைப் படைமுகாமில் அண்டா என்றுதான் கூப்பிடுவார்கள். சமையல்காரர். வருஷக்கணக்காக நாற்பது சிப்பாய்களுக்கு ஆக்கிப்போட்ட கை. வீட்டில் இரண்டு பேருக்கு ஆக்கச் சொன்னாலும் தெருவுக்கே காணும். துப்பாக்கியைக் கண்டால் ஒதுங்கி நடப்பார்.

முகாமுக்கு மேலே இருக்கும் மலைக் கணவாயைப் பிடிக்க எதிரி வருகிறான் என்றதும் நேச நாட்டிடம் ஒரு படை கேட்டார்கள். ஆறு ஆலோசகர்கள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள், குறை சொன்னால் பாவம். எங்கே நின்றால் ஜெயிக்கலாம் என்று பலகையில் அம்பு போட்டுக் காட்டினார்கள். காட்டியது சரிதானாம். நிற்கத்தான் ஆளில்லை. ஆலோசகர்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் நாட்டுக்கே தலைகுனிவு என்று, கணவாயில் இருந்த நாற்பது பேரையும் கீழே இறக்கி அவர்களுக்குக் காவல் போட்டார் எங்கள் அதிகாரி. வேலியைப் பிடுங்கி, வேலி கட்டச் சொல்லிக்கொடுப்பவரைச் சுற்றி நட்ட கதை.

"அண்டா, ரெண்டு நாள் நீ மேல போய் இருப்பா."

"ஐயா, எனக்குக் கரண்டிதானே பிடிக்கத் தெரியும்?"

"அதுக்குத்தானே ஆலோசகர் இருக்காரு! சொல்லித் தருவாரு."

போர்வை எடுக்க வீட்டுக்கு வந்தவரிடம் அழுதேன். "யாராவது வந்தா ஓடி வந்துடுங்க. கோழைன்னு சொன்னா சொல்லிட்டுப் போகட்டும்."

"ஓடறதுக்கு முட்டி ஒத்துக்கணுமேடி" என்றார்.

மேலே சிப்பாய்களின் பழைய அடுப்பும் பாத்திரங்களும் மிச்ச அரிசியும் கிடந்தன. பயத்தில் கை சும்மா இருக்கவில்லை. விறகை அடுக்கி நாற்பது பேருக்கு உலை வைத்துவிட்டார். வடித்து இறக்கிய பிறகுதான் தான் ஒற்றை ஆள் என்பது நினைவுக்கு வந்ததாம். மறுநாளும் அதே கதை. கை அளவு மாறுமா?

மூன்றாம் நாள் ஆடு மேய்ப்பவர் வாசலில் வந்து சிரித்தார். "எதிரிங்க கணவாய்க்கு அந்தப் பக்கம் வந்துட்டாங்கம்மா. புகையப் பாத்துட்டு, 'ஒரு படையே உக்காந்து தின்னுது'ன்னு திரும்பிட்டாங்க!"

அடுப்படியிலேயே விழுந்து கடவுளைக் கும்பிட்டேன்.

முகாமில் அதற்குள் பாராட்டு விழா. ஆலோசனைக்குக் கிடைத்த வெற்றியாம். நாற்பது பேரும் கை தட்டினார்கள். அவர்களுக்கும் வேறு வேலை இல்லை. நான் அதிகாரியிடம் போனேன்.

"ரெண்டு நாள்னு சொன்னீங்களே ஐயா, அவர எப்ப அனுப்புவீங்க?"

"எப்படிம்மா அனுப்பறது? இன்னும் ஆறு ஆலோசகர் வர்றாங்க. காவலுக்கே ஆள் பத்தல."

"அப்ப விறகாவது அனுப்புங்க ஐயா. தீரப் போகுது."

"ஆலோசகர்கிட்ட கேட்டுச் சொல்றேன்."

கேட்டு முடிக்கட்டும் என்று ஒரு கட்டு விறகை நானே தலையில் வைத்து ஏறினேன். கணவாயின் காவற்படை அன்றைக்கே இரண்டு மடங்கானது.