அம்மா பிரபுவான சனிக்கிழமை

உங்கள் அத்தை கலிஃபோர்னியாவுக்குப் படிக்கப் போன கதையை அவள் ஒரு விதமாகச் சொல்வாள். அவள் படித்தவள், அழகாகச் சொல்வாள். நான் பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்டு கார் மெக்கானிக் வேலைக்குப் போனவன். எனக்குத் தெரிந்த மாதிரி எழுதுகிறேன், பிள்ளைகளா. அப்போது எனக்கு எட்டு வயது. நாங்கள் கலிஃபோர்னியாவுக்கு நேர் எதிர்க்கோடியில், பார்சிப்பனி என்ற ஊரில் இரண்டு பெட்ரூம் அபார்ட்மென்டில் இருந்தோம்.

அக்காவுக்கு இங்கிலீஷ் இலக்கியம் படிக்க ஆசை. கலிஃபோர்னியாவில் ஒரு கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. வருகிறாளா இல்லையா என்று அந்த வாரத்துக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு எந்தப் பெரிய முடிவையும் தன் அண்ணனைக் கேட்காமல் எடுத்துப் பழக்கமில்லை. அதனால் சனிக்கிழமை ஹூஸ்டனிலிருந்து பெரியப்பா விமானமேறி வந்துவிட்டார்.

வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே ஆரம்பித்தார். "இங்கிலீஷ் படிக்க கலிஃபோர்னியா போகணுமாடா? நமக்கென்ன இங்கிலீஷ் தெரியாதா? பக்கத்துலயே ஃபார்மசி சேத்து விடு. பொண்ணு வீட்டோட இருப்பா."

அப்பா தலையாட்டினார். அக்கா ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா வழக்கம்போல் சமையலறை வாசலில் நின்றாள். பெரியப்பா பேசும்போது அம்மா குறுக்கே பேசி நான் பார்த்ததில்லை.

அதே சனிக்கிழமைதான் அக்காவுக்கு ஒரு வினோதமான வீட்டுப்பாடம் இருந்தது. வகுப்பில் அவர்கள் பழைய இங்கிலாந்துக் கதை ஒன்று படித்திருந்தார்கள். பெரிய மாளிகை, அதில் ஒரு பிரபு, மேலே அவர் குடும்பம், கீழே வேலைக்காரர்கள். அந்த மாளிகையில் நடப்பது போலவே வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு நடத்தி, யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்று எழுத வேண்டுமாம். வேறு எதற்காகக் கேட்டிருந்தாலும் பெரியப்பா விரட்டியிருப்பார். ஆனால் அக்கா, "இதுக்கு மார்க் இருக்கு பெரியப்பா" என்றாள். எங்கள் குடும்பத்தில் மார்க் என்று சொன்னால் போதும், யாரும் மேற்கொண்டு பேசமாட்டார்கள்.

ஐந்து சீட்டுகளை எழுதி ஒரு டம்ளரில் போட்டுக் குலுக்கினாள். எனக்குப் பட்லர் வந்தது. அப்பாவுக்குச் சமையல்காரர். பெரியப்பா தன் சீட்டைப் பிரித்து, "டீச்சர். ம்ம், மரியாதையான வேலைதான்" என்று திருப்திப்பட்டுக்கொண்டார். அம்மாவின் சீட்டில் பிரபு என்று இருந்தது. மிச்சமிருந்த ஒன்றை அக்கா எடுத்தாள்: பிரபுவின் மகள்.

"ஐயோ, எனக்கு வேணாம். பெரியப்பாகிட்ட கொடுத்துடு" என்றாள் அம்மா.

"மாத்தக் கூடாதும்மா. ரூல்."

அக்கா சட்டங்களைப் படித்தாள். பிரபு சாப்பிட்டு முடிக்கும்வரை நாற்காலியை விட்டு எழக் கூடாது. பிரபு தானாகக் கேட்டாலொழிய யாரும் அவரிடம் பேசக் கூடாது. பட்லர் பிரபுவின் பின்னால் நின்று, யார் சட்டத்தை மீறினாலும் மணியடிக்க வேண்டும். வீட்டில் பூஜை மணிதான் இருந்தது. அதைக் கையில் பிடித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"என் இடம் எது?" என்று கேட்டார் பெரியப்பா. அக்கா மூலையில் இருந்த கம்ப்யூட்டர் மேஜையைக் காட்டினாள். அந்தக் காலத்தில் வீட்டோடு தங்கிப் பாடம் சொல்லித்தரும் டீச்சரம்மா படித்தவளாம், அதனால் வேலைக்காரர்களோடு உட்கார முடியாது. சம்பளத்துக்கு இருப்பவள், அதனால் குடும்பத்தோடும் உட்கார முடியாது. தனியாகத் தட்டில் வைத்துக் கொடுப்பார்களாம். பெரியப்பா கீபோர்டைத் தள்ளிவிட்டுத் தட்டை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

சாப்பாடு தோசை. அப்பா தோசை சுட்டு நாங்கள் யாரும் பார்த்ததில்லை. முதல் தோசை கல்லிலேயே கிழிந்தது. அம்மா பாதி எழுந்தாள். நான் மணியடித்தேன். இரண்டாவது தோசை கருகும் வாசனை வந்தது. மறுபடி எழுந்தாள், மறுபடி அடித்தேன். "நோ அம்மா! மார்க் போயிடும்!"

மூன்றாவது தோசை முழுசாக, ஆவி பறக்க வந்தது. அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எங்கள் வீட்டில் தோசை என்றால் அம்மா எல்லோருக்கும் சுட்டுப் போட்டுவிட்டு, கடைசியில் அடுப்பு மேடை ஓரமாக நின்று இரண்டு தின்பாள். அன்று நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "பட்லர், அடுத்ததுக்கு ஓரத்துல கொஞ்சம் எண்ணெய் விடச் சொல்லு" என்றாள். நான் ஓடிப்போய்ச் சமையல்காரரிடம் சொன்னேன்.

அப்போது மூலையிலிருந்து பெரியப்பா, "ஏம்மா, அந்தக் காலேஜ் விஷயமா நான் சொன்னது..." என்று தொடங்கினார்.

ஓங்கி அடித்தேன்.

"டேய், நான் உன் பெரியப்பாடா!"

"மார்க், பெரியப்பா" என்றாள் அக்கா. பெரியப்பா வாயை மூடிக்கொண்டார்.

அம்மா அக்காவிடம் திரும்பினாள். "ஏன்டி, நிஜமா அதுதான் படிக்கணுமா?"

"ஆமாம்மா. இந்தக் கதையில அந்த மாளிகை பொண்ணுங்களுக்குக் கிடையாது. தூரத்துச் சொந்தத்துல எவனோ ஒரு ஆம்பளைக்குப் போயிடும். யாரையாவது கட்டிக்கிட்டாதான் அவங்களுக்குச் சோறு. அதை ஒரு பொம்பளை சிரிப்பு வர்ற மாதிரி எழுதியிருக்காம்மா. எப்படி எழுதினான்னு எனக்குத் தெரியணும்."

அம்மா தோசையை ஒரு வாய் பிட்டுத் தின்றாள். பிறகு, "டீச்சரம்மா என்ன சொல்றீங்க?" என்றாள்.

பெரியப்பாவுக்கு இப்போது பேச அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் குரல் இறங்கியிருந்தது. "இவ்ளோ படிச்சிட்டு மூலையில உக்காந்திருக்கேன் பாரும்மா. நம்ம பொண்ணும் இப்படி உக்காந்துடக் கூடாதேன்னுதான் சொன்னேன்."

"அந்த டீச்சரம்மாவுக்குத் திரும்பிப் போக வீடில்லை. இவளுக்கு இருக்கு" என்றாள் அம்மா. பிறகு என்னிடம், "சமையல்காரரைக் கூப்பிடு."

அப்பா தோசைத் திருப்பியோடு வந்தார்.

"இவ கலிஃபோர்னியா போறா. நாளைக்குக் காலையில பதில் அனுப்பிடுங்க."

அப்பா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா அம்மாவைப் பார்த்து, "எஸ், மை லார்ட்" என்றார். எவ்வளவு நன்றாக நடிக்கிறார் என்று நான் அசந்துபோனேன்.

மறுநாள் காலை நான் எழுந்து வந்தபோது அப்பாவும் அக்காவும் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார்கள். பெரியப்பா பின்னால் நின்று, "அட்ரஸ் ஒருதடவை சரியா பாத்துக்கோடா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா ஒரு பட்டனை அழுத்தினார். அக்கா அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

சமையலறைக்கு ஓடினேன். அம்மா காபி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"அம்மா! கேம் நேத்தே முடிஞ்சிடுச்சுன்னு அப்பாவுக்குத் தெரியலை. நிஜமாவே அனுப்பிட்டார்!"

அம்மா வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, குனிந்து என் காதருகே சொன்னாள். "கத்தாதடா. அவருக்குத் தெரியாமலே இருக்கட்டும்."

பாவம் அப்பா என்று நினைத்துக்கொண்டு, நானும் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.