நான்கு குமிழ்கள்

"இவ எழுதிட்டா பெட்டி பாடிருமாக்கும்?" என்றாள் அத்தை. நான் அப்போது ஆறாம் வகுப்பு. எங்கள் வீட்டில் இங்கிலீஷ் எழுதக் கற்ற முதல் ஆள் என்ற நினைப்பு என் நடையிலேயே தெரியும்.

பகலில் கரும்புக் காட்டில் நிற்கும் என் மாமா, கல்யாண வீடுகளில் பாடும் ஒரு குழுவில் மின்சார கிதார் வாசித்தார். குழுத் தலைவர் ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்: "டிரம்மு சத்தத்துல உன் கிதாரு எங்கய்யா இருக்குது? சத்தம் கூட்டுற பெட்டி கொண்டா. இல்லன்னா வூட்லயே உக்காந்து வாசி." ஞாயிற்றுக்கிழமை பாலக்கோட்டில் கல்யாணம். அதற்குள் பெட்டி வராவிட்டால் மாமாவுக்குக் குழுவில் இடமில்லை.

தருமபுரியில் ரேடியோ பழுது பார்க்கும் பாய் ஒருவர் பெட்டி செய்து கொடுத்தார். ஒரு மத்தியானம் முழுக்க மாமாவை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அந்தக் கிதாருக்கென்றே செய்த பெட்டி. பலாப் பலகை, உள்ளே பல்பு போல நான்கு வால்வுகள், முன்னால் நான்கு குமிழ்கள். ஒன்று சத்தத்தைக் கூட்டும். அடுத்த இரண்டும் கனத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும். கடைசிக் குமிழைத் திருகினால் ஒலி அலையலையாய் நடுங்கும்.

"வெலைக்கு வாங்குன பெட்டியாட்டம் இங்கிலீஷ்ல பேரு இருக்கோணும் பாய். எங்க புள்ள எழுதும்" என்றார் மாமா. அத்தை அந்தக் கேள்வியைக் கேட்டது அப்போதுதான்.

பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பின்பலகையை முடுக்கியபடியே பாய் சொன்னார்: "இடது கைப்பக்கம் வால்யூம் கண்ணு. அப்புறம் பேஸ், டிரெபிள், கடைசியா டிரெமலோ." நான் முன்னால் மண்டியிட்டு, என் இடது கைப்பக்கத்திலிருந்து வெள்ளை எனாமலில் எழுதினேன்.

கடைத்தெருவில் போனவரையெல்லாம் நிறுத்தி மாமா காட்டினார். பாயும் எழுந்து வந்து பார்த்தார். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார். "முத்து முத்தா இருக்குது" என்றவர் மாமாவிடம் திரும்பி, "ரெண்டு நாள் பொறுங்க. உள்ள கொஞ்சம் வேலை கெடக்குது" என்றார்.

"காலையில முடிஞ்சுதுன்னீங்களே பாய்!" மாமாவுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

சனிக்கிழமை போனபோதும் பாய் பெட்டிக்குள் தலையை விட்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "நான் அரை மணியில எழுதிட்டேன். நீங்க இன்னும் முடிக்கலீங்களா?"

"உன் வேகம் எனக்கு வருமா கண்ணு?" என்று சிரித்தார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

பாலக்கோட்டில் மாமா சுவிட்சைப் போட்டார். சத்தமே இல்லை. "என்னப்பா, பெட்டி தூங்குதா?" என்றார் தலைவர். வால்வுகள் சூடேற வேண்டுமே! மெல்லச் சிவந்தன. மாமா வால்யூம் என்று எழுதியிருந்த குமிழைத் திருகி ஒரு தந்தியை மீட்டினார். பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்று திரும்பினார்கள். தலைவர் மாமாவின் நாற்காலியை முன்வரிசைக்கு இழுத்துப் போட்டார். நான் பெருமையோடு அத்தையைப் பார்த்தேன். எல்லாம் என் எழுத்தின் மகிமை!

பல வருடங்கள் கழித்து நான் சேலத்தில் ரேடியோ தொழில் படித்து முடித்து வந்தபோது, பெட்டி இரைகிறது என்று மாமா கொண்டுவந்தார். நான் முதல்முறையாக அதைத் திறந்தேன். குமிழ்களுக்குப் போகும் கம்பிகள் எதுவும் நேராகப் போகவில்லை. ஒன்றையொன்று தாண்டி எதிர்ப்பக்கக் குமிழுக்குப் போயின. முதலில் அவை இருந்த இடங்களில் பாயின் பென்சில் குறிகள் அழியாமல் இருந்தன.

பின்னால் உட்கார்ந்திருந்தவரின் இடது, முன்னால் இருந்த எனக்கு வலது. நான்கையும் தலைகீழாக எழுதியிருக்கிறேன். டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்திருந்தால் ஒரு நிமிட வேலை. தெருவே பார்த்த என் எழுத்தைத் துடைக்க மனமில்லாமல், இரண்டு நாள் பேச்சு வாங்கிக்கொண்டு, பெட்டியை என் எழுத்துக்கு ஏற்றபடி மாற்றியிருக்கிறார் அந்த மனிதர்.

இரைச்சலைச் சரிசெய்தேன். கம்பிகளைத் தொடவில்லை.

போன வாரம் நானே ஒரு பெட்டிக்குத் தகடு வெட்டினேன். எது இடது, எது வலது என்று பின்பக்கம் போய் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டு, முன்பக்கம் வந்து நான்கு துளைகளும் போட்டு, அதன் பிறகே பெயர்களை எழுதினேன்.