தண்ணீருக்கு அடியில் வெள்ளரித் தோட்டம்

எனக்குக் கல்யாணமாகி வந்த முதல் தை மாதம் அது. எழுபதுகளின் நடுப்பகுதி. தலைப்பொங்கலுக்காக நானும் என் கணவரும் சேரப்பணஞ்சேரியில் என் அம்மா வீட்டுக்கு வந்திருந்தோம். அவருக்குச் சொந்த ஊர் வாலாஜாபாத். சரக்குக் கப்பலில் வேலை. ஆவணியில் தாலி கட்டிய பதினெட்டாம் நாள் கப்பலேறியவர், போகிக்கு நான்கு நாள் முன்புதான் திரும்பியிருந்தார். அவர் முகம்கூட எனக்கு முழுதாகப் பழகவில்லை. ஏதாவது யோசித்தால் அவருடைய இடது புருவம் மட்டும் மேலே ஏறும் என்பதை அந்த வாரம்தான் கவனித்தேன்.

நெல் பயிரிடுகிற குடும்பம் எங்களுடையது. கடல் என்றால் மெட்ராஸில் கரையோரமாக நின்று காலை நனைத்ததோடு சரி. அதனால் அவர் வாயைத் திறந்தால் போதும், வீடே சுற்றி உட்கார்ந்துவிடும். எங்கேயோ ஒரு துறைமுகத்தில் கப்பல் நின்றபோது, ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு படகை அமர்த்திக்கொண்டு தீவு தீவாகப் போனார்களாம். ஒவ்வொரு தீவிலும் குதித்து நீந்தினார்களாம். படகின் நிழல் கீழே மணலில் விழுந்து கூடவே வருமாம், தண்ணீர் அவ்வளவு தெளிவாம். அத்தாட்சிக்குப் பெட்டியிலிருந்து ஒரு சாமானை எடுத்துக் காட்டினார். கறுப்பு ரப்பர் வளையத்துக்குள் பதித்த முட்டை வடிவக் கண்ணாடி. கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடும். கூடவே வாயில் கவ்விக்கொள்ள வளைந்த குழாய் ஒன்று. மேல்முனை தண்ணீருக்கு வெளியே நிற்கும், அதன் வழியாக மூச்சு விடலாம். அண்ணன்கள் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தார்கள். என் அப்பாவும் மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார்.

"இத்த மாட்டினா மூச்சு முட்டாதா மாப்ள?"

"முட்டாது மாமா. பழகிட்டா உள்ளயே தூங்கலாம்."

நான் கதவோரமாக நின்றிருந்தேன். என்ன தோன்றியதோ, "நம்ம ஏரியிலயும் தீவு இருக்குதே" என்றேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் பெரியம்மா வீடு செம்பரம்பாக்கம் ஏரியின் ஓரத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தது. மழை முடிந்து ஏரி நிரம்பினால், உள்ளே மேடாக இருக்கிற இடங்கள் மட்டும் தண்ணீருக்கு மேலே திட்டுத் திட்டாக நிற்கும். அவற்றில் கருவேல மரங்கள், மரம் முழுக்கக் கொக்கும் நீர்க்காகமும்.

"அங்க போலாங்களா? நீங்க நீந்துறத நான் பாக்கணும்" என்றேன். அவருடைய இடது புருவம் ஏறியது.

"அதுக்கின்னா, படகுக்குச் சொல்லிட்டா போச்சு" என்றார் அப்பா.

காணும் பொங்கலுக்கு ஏரிக்கரை முழுக்க ஜனம் திரளும் என்பதால் அதற்கு மறுநாளை வைத்துக்கொண்டோம். முதல் நாள் மாலையே பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டோம். பெரியப்பாவுக்குத் தெரிந்த மீன்காரர் ஒருவர் படகோட்டிக்கொண்டு வரச் சம்மதித்தார். ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள், தலையில் துண்டு. நாள் முழுவதற்கும் படகு எங்களுக்குத்தான். அதற்காக அவர் கேட்டது வெளிநாட்டுச் சவர பிளேடு ஒரு பெட்டி.

விடிந்ததும் புறப்பட்டோம். தூக்கில் புளிச்சோறு, பொங்கலுக்குச் சுட்ட வடையில் மிச்சம், துண்டு போட்ட கரும்பு. ஏரியின் மேல் பனி உட்கார்ந்திருந்தது. கரையிலிருந்து ஐம்பது அடி போனதும் கரை மறைந்துவிட்டது. முன்னாலும் ஒன்றுமில்லை. துடுப்பு தண்ணீரைத் தொடும் சத்தமும், அதிலிருந்து சொட்டும் சத்தமும் மட்டும். எங்கே வானம் முடிகிறது, எங்கே தண்ணீர் ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் வெள்ளைக்குள் மிதந்துகொண்டிருந்தோம். பிறகு எங்கோ மேலே கொக்குகள் கத்தின. பனிக்குள்ளிருந்து முதல் திட்டு, வேரில்லாத மரக்கூட்டம்போலத் தொங்கிக்கொண்டு வந்தது.

"இங்க எறங்கறீங்களா தம்பி?" என்றார் படகுக்காரர்.

என் கணவர் சட்டையைக் கழற்றினார். கண்ணாடியை மாட்டி, குழாயைக் கவ்வி, படகின் விளிம்பில் உட்கார்ந்தார். அவர் தண்ணீரைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு குழாயை எடுத்துவிட்டு, "இங்க கலங்கலா இருக்கு. ஒண்ணும் தெரியாது" என்றார்.

இரண்டாவது திட்டுக்குப் போவதற்குள் பனி விலகி வெயில் வந்துவிட்டது. அங்கே தண்ணீர் நன்றாகவே தெளிந்திருந்தது. ஆனால் பாசி காலைச் சுற்றிக்கொள்ளும் என்றார் என் கணவர். மூன்றாவது திட்டில், இப்போதுதான் வடை தின்றோம், வயிற்றில் கனமிருந்தால் நீந்தக்கூடாது என்றார்.

படகுக்காரர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு பீடி பற்ற வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏம்மா, இந்தத் திட்டு ஓரமா இடுப்பளவு தண்ணிதான் கீது. நீ வேணா எறங்கிப் பாரு. நான் அந்தாண்ட போயி வலையப் பாத்துகினு வரேன்" என்றார்.

எங்களை இறக்கிவிட்டு அவர் திட்டின் மறுபக்கம் போனார். மரங்களுக்கு நடுவில் நாங்கள் இருவரும் நின்றோம்.

"நான் எறங்கட்டுமா?" என்று கேட்டேன்.

"உனக்கு நீச்சல் தெரியுமா?"

தெரியும். எங்கள் வயல் கிணற்றில் அண்ணன்களோடு கற்றது. முதுகில் சுரைக்குடுக்கை கட்டி அவர்கள் என்னைத் தள்ளிவிட்டபோது எனக்கு ஏழு வயது. பத்து வயதில் மோட்டார் கொட்டகை மேலிருந்து தலைகீழாகக் குதிப்பேன். பெரியவளானதும் அம்மா நிறுத்திவிட்டாள். ஆறு வருடமாகக் கழுத்தளவு தண்ணீரில்கூட நான் நின்றதில்லை. இதைப் பெண் பார்க்க வந்தபோது யாரும் கேட்கவுமில்லை, நாங்கள் சொல்லவுமில்லை.

மரத்துக்குப் பின்னால் போய்ப் புடவையைக் களைந்து, பாவாடை மேல் அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தேன். கண்ணாடியை அவரே என் தலையில் மாட்டிவிட்டார். காதோரம் சிக்கிய முடியை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்.

தண்ணீர் முதலில் சுரீரென்றது. பிறகு உடம்பு தானாகவே ஞாபகப்படுத்திக்கொண்டது. குப்புற மிதந்து முகத்தை உள்ளே வைத்தேன்.

அதை எப்படிச் சொல்வது? கிணற்றுக்குள் கண்ணைத் திறந்தால் பச்சை இருட்டுதான் இருக்கும். இங்கே ஓர் ஊர் இருந்தது. பாசிக்கொடிகள் ஆளுயரத்துக்கு நின்று, காற்றடிக்காமலே ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன. வெயில் உள்ளே இறங்கிக் கோல்கோலாக நின்றது. அந்தக் கோல்களுக்குள் புகுந்து வெளியே வரும்போதெல்லாம் கெண்டைக்குஞ்சுகள் ஒரு கணம் வெள்ளிக்காசாகி மறுபடி சாம்பலாயின. என் மூச்சு மட்டும் குழாயில் பெரிதாகக் கேட்டது, பக்கத்தில் யாரோ தூங்குவதுபோல.

கொஞ்ச தூரம் போனதும் தரையில் கோடுகள் தெரிந்தன. நேராக, இடைவெளி விட்டு. உற்றுப் பார்த்தேன். பாத்தி. வரப்பு. ஒரு மூலையில் நான்கு மூங்கில் கால்கள் நட்டபடி நின்றன.

எனக்குப் புல்லரித்துவிட்டது. கோடையில் ஏரி வற்றியதும் பெரியப்பா ஏரிக்குள் இருக்கும் அந்த உள்வாய் நிலத்தில்தான் வெள்ளரி போடுவார். அந்த மூங்கில் கால்கள் அவருடைய காவல் குடிசையினுடையவை. போன சித்திரையில், கல்யாணத்துக்கு முன்னால், அந்த வரப்பில் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன். தரை சுட்டதால் ஓடியிருக்கிறேன். அந்தக் குடிசை நிழலில் உட்கார்ந்து பிஞ்சு வெள்ளரியை உப்பு தொட்டுத் தின்றிருக்கிறேன். இப்போது அதே வரப்புக்கு மேலே, இரண்டு ஆள் உயரத்தில் மிதந்துகொண்டிருந்தேன். பறவைக்கு எங்கள் நிலம் இப்படித்தான் தெரியும்போல. கையை மெதுவாக அசைத்தால் ஒரு பாத்தி, இன்னொரு முறை அசைத்தால் அடுத்த பாத்தி. என் நிழல் கீழே மண்ணில் கூடவே வந்தது.

மூங்கில் காலருகே சிவப்பாக ஒரு புகை சுழன்றது. நெருங்கினேன். புகையல்ல, விரால் குஞ்சுகள். நூற்றுக்கணக்கில், செங்கல் நிறத்தில், ஒரு பந்தாகச் சேர்ந்து மேலே வருவதும் கீழே போவதுமாக இருந்தன. அடியில் என் முழங்கை நீளத்துக்குத் தாய் விரால் அசையாமல் நின்று என்னையே பார்த்தது. நானும் அசையாமல் அதைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

தலையைத் தூக்கியபோது திட்டு எங்கோ தூரத்தில் இருந்தது. என் கணவர் முழங்கால் தண்ணீரில் நின்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. நீந்தித் திரும்பினேன்.

"கூப்புட்டுகினே இருக்கேன், காதுல விழல? உனக்கு ஏதாவது ஆயிருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன்?"

"நீங்க வந்து தூக்கியிருப்பீங்க" என்றேன் சிரித்துக்கொண்டே.

அவர் சிரிக்கவில்லை. தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு நீச்சல் தெரியாது" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. கப்பலில் வேலை செய்கிறவருக்கு நீச்சல் தெரியாமல் எப்படி?

"கப்பல்ல பாதி பேருக்குத் தெரியாது. நான் சமையல்கட்டுல இருக்கேன். வெங்காயம் உரிக்கறவனுக்கு எதுக்கு நீச்சல்?" என்றார். படகில் தீவுகளுக்குப் போனது நிஜம்தானாம். மற்றவர்கள் குதித்தார்களாம். இவர் படகிலேயே உட்கார்ந்து அவர்களுடைய கைக்கடிகாரங்களையும் சட்டைகளையும் பார்த்துக்கொண்டாராம். கண்ணாடி அந்த ஊர்க் கடையில் வாங்கியது. ஒரு முறைகூட நனைத்ததில்லை. "பொண்ணு பாக்க வந்தப்போ உங்க அப்பா கேட்டாரு, கடல்ல பயமா இல்லியான்னு. மீன் மாதிரி நீந்துவேன்னு சொல்லிட்டேன். சொன்னத எப்படித் திருப்பி எடுக்கறது?"

கோபம் வர வேண்டும் என்று நினைத்தேன். வரவில்லை. கல்யாணத்தன்று கடிகாரமும் பளபளக்கும் செருப்புமாக வந்த ஆள் எங்கோ போய்விட்டார். இடுப்பு வரை நனைந்து, மண் அப்பிய முழங்காலோடு யாரோ ஒருவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். இவரோடு பேசலாம் என்று தோன்றியது.

"எழுந்து வாங்க. கால் எட்டுற தண்ணிதான். மூஞ்சிய மட்டும் உள்ள வைங்க. நான் புடிச்சிக்கிறேன்."

கண்ணாடியை மாட்டிவிட்டேன். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு மார்பளவு தண்ணீர் வரை வந்தார். முகத்தை வைத்தார், உடனே எடுத்தார். மறுபடி வைத்தார். மூன்றாம் முறை எடுக்கவே இல்லை. குழாய் வழியாக ஏதோ கத்தினார், "ஊ ஊ" என்று கேட்டது. கையை நீட்டி எதையோ காட்டினார். சிவப்புப் பந்து அந்தப் பக்கம் நகர்ந்து வந்திருந்தது. அதைப் பார்க்கிற ஆசையில் ஓரடி முன்னால் வைத்தார். அங்கே கோடையில் ஏரிக்கரைக்கு மண்ணெடுத்த பள்ளம். கால் நழுவி ஆள் மறைந்துவிட்டார்.

பிடித்த கையை நான் விடவில்லை. உள்ளே போய், தலைமுடியை இன்னொரு கையால் கொத்தாகப் பற்றி இழுத்தேன். அவர் என் தோளை அழுத்தியதில் நானும் ஒரு வாய் குடித்தேன். அண்ணன்கள் சொன்னது ஞாபகத்தில் இருந்ததால் எதிரே நிற்காமல் பின்னால் போய் இழுத்தேன். இரண்டு பேரும் மேட்டில் விழுந்து இருமினோம். கண்ணாடி நெற்றிக்கு ஏறிக் கோணலாக நின்றது. சத்தம் கேட்டுப் படகுக்காரர் வேகமாகத் துடுப்புப் போட்டு வந்தார்.

"இன்னா தம்பி, இன்னா ஆச்சு?"

இருமலுக்கு நடுவில் என் கணவர், "ஒரு விரால், இம்மாம் பெருசு, குஞ்சுங்களோட" என்று கையை விரித்துக் காட்டினார். படகுக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "குஞ்சோட இருக்கறத நாங்க புடிக்கறதில்ல" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு அன்று யாரும் தண்ணீரில் இறங்கவில்லை. கருவேல நிழலில் மூன்று பேரும் புளிச்சோறு தின்றோம். அவர் படுத்துத் தூங்கிப்போனார். மேலே நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. எனக்கு உடம்பு இன்னும் மிதந்துகொண்டே இருந்தது. கண்ணை மூடினால் பாத்திகள் ஒவ்வொன்றாக அடியில் நகர்ந்தன. பொழுது சாய்ந்ததும் படகு திரும்பியது. தண்ணீர் முழுக்கச் செம்பு நிறம்.

வீட்டு வாசலிலேயே பெரியம்மா என் தலையைத் தொட்டுப் பார்த்தாள். "ஏரியில குளிச்சியா? வயசுப் பொண்ணு, யாராவது பாத்தா?"

நான் பதில் தேடுவதற்குள், "நான் பள்ளத்துல உழுந்துட்டேன் பெரியம்மா. எனக்கு நீச்சல் தெரியாது. இவதான் இழுத்துப் போட்டா" என்றார் அவர், எல்லாருக்கும் கேட்கும்படி. பெரியப்பா சிரிக்க ஆரம்பித்து, அவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பெரியம்மா இரண்டு துண்டு கொண்டுவந்து, முதல் துண்டை என்னிடம் கொடுத்தாள்.

மாசியில் அவர் கப்பலுக்குத் திரும்பினார். போன முறை அவர் கடலில் இருந்தபோது, மீன் மாதிரி நீந்துகிறவர் என்று நம்பி நான் நிம்மதியாகத் தூங்கியவள். இந்த முறை ரேடியோவில் புயல் என்று கேட்டாலே, அது எந்தக் கடலில் என்றுகூடத் தெரியாமல், அடுப்பைத் தணித்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். இதைக் கடிதத்தில் எழுதினேன். "எனக்கும் அப்படித்தான் இருக்கிறது" என்று பதில் வந்தது.

எட்டு வருடம் அப்படிப் போனது. பிறகு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வந்த ஒரு தொழிற்சாலையின் கேன்டீனில் அவருக்கு வேலை கிடைத்தது. முதல் நாள் ஷிஃப்டுக்கு விடியற்காலையில் பஸ் ஏறினார். ஜன்னல் வழியாகக் கையாட்டிவிட்டு, சாயங்காலம் நாலரைக்கு வந்துவிடுவேன் என்றார். மூன்று மணிக்கே நான் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன்.